நீலி ஏன் அழுதாள்?



சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மரபுத்தொடர் நடத்திக்கொண்டிருந்தேன். 'முதலைக் கண்ணீர்' சொன்ன கையோடு 'நீலிக் கண்ணீர்' என்பதையும் வெண்பலகையில் எழுதி, 'பிறரை ஏமாற்றுவதற்காகப் பொய்யாக அழுதல்' என்று பொருள் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"ஐயா, நீலி ஏன் அழுதாங்க?"

"ஏமாற்றத்தான்."

"அதுக்கு முன்னாடி அவங்களுக்கு என்ன ஆச்சு?"

மணி அடித்துவிட்டது. பல ஆண்டுகளாக இத்தொடரைச் சொல்லி வருகிறேன்; ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. நாளை சொல்கிறேன் என்று புத்தகங்களை அள்ளிக்கொண்டு வெளியேறினேன்.

அதே வாரம் பெற்றோர் சந்திப்பு நாள். அந்த மாணவியின் தாயார் வகுப்பறைக்கு வெளியே நீள்விசிப்பலகையில் அமர்ந்து கைப்பேசியில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலைப் பேருந்தில் போக வர இரண்டு மணி நேரம் ஆகுமாம். அந்த நேரமெல்லாம் படிப்புத்தான். கணவரை விட்டுப் பிரிந்து வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன என்பது எனக்கு முன்பே தெரியும். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"பேய்க்கதை சார். பேய்க் காதல் கதை."

ஆசிரியர் புத்தி எங்கே போகும்? நல்ல நூல்கள் எத்தனையோ இருக்க இவை எதற்கு என்று தொடங்கினேன். அவர் இடைமறித்தார். "நல்ல புத்தகமெல்லாம் பொறுத்துப் போகச் சொல்லுது சார். இந்தப் பேய் கேக்காம உள்ள வராது."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இணையத்தில் வெளியாகும் இத்தகைய தொடர்கதைகளில் சிலவற்றைப் பிறகு நானும் படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழைகள் மலிந்த நடை. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்னும் கவலை எவருக்கும் இல்லை. சிவப்பு மையைத் தேடி என் கை பரபரத்தது உண்மை! ஆனால் கதைகளின் எலும்புக்கூடு ஒன்றுபோலவே இருந்தது. காயப்பட்ட பெண் ஒருத்தி இருப்பாள். அவளை ஏமாற்றியவன் மனிதன். அவள் வாழ்வில் இரத்தக்காட்டேரியோ கந்தர்வனோ முற்பிறவியில் இறந்த காதலனோ வந்து சேர்வான். அவனுக்கு வலிமை மிகுதி. நினைத்தால் அவளை நொடியில் அழிக்கலாம். ஆனால் அழிக்காமல் வாசலில் நிற்பான். அவன் நிற்க நிற்க அவள் அச்சம் கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும். இதுவே கதை.

வாசலில் நிற்கும் இந்த விதி புதியதன்று. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா' நாவலிலேயே, வீட்டிலுள்ள ஒருவர் முதலில் அழைத்தாலன்றி இரத்தக்காட்டேரி உள்ளே நுழைய முடியாது என்று வருகிறது. ஆனால் அந்த விதிக்கு மறுபாதி ஒன்று உண்டு: ஒருமுறை அழைத்துவிட்டால் பிறகு அவன் நினைத்தபோதெல்லாம் வரலாம். ஸ்டோக்கருக்கு இது வீட்டாருக்கு விடுக்கும் எச்சரிக்கை. இன்றைய காதல் கதைகள் அந்த முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதை ஆறுதலாக மாற்றிவிட்டன. கதவு அவளுடையது, திறப்பதும் திறக்காததும் அவள் விருப்பம். மறுபாதி கதையில் இல்லை. நம் குடும்பங்களில் இருக்கிறது. கழுத்தில் ஒருமுறை தாலி ஏறிவிட்டால் பிறகு எதற்கும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதுதானே நம்மவரில் பலரின் எண்ணம்?

எல்லாக் கதைகளும் இதில் தேறிவிடுவதில்லை. உலகப் புகழ்பெற்ற 'டிவைலைட்' நாவலில் (2005) கதாநாயகன் அப்பெண் உறங்கும்போது அவள் அறைக்குள் வந்து இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்கே அது பின்னர்தான் தெரியவரும். அதைக் காதலென்று எழுதியிருக்கிறார்கள். நம்முடைய தமிழ்க் குடும்ப நாவல்களிலும் கட்டாயத் தாலி கட்டும் நாயகன், கன்னத்தில் அறைந்துவிட்டுக் கட்டியணைக்கும் நாயகன் எத்தனை பேர்! அவர்களுக்கு அமானுட சக்தி எதுவுமில்லை, பாவம். சராசரி மனிதர்கள்தாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பேய்க்கதை அந்நியமன்று. புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, தென்னமரம் என்று எந்தத் தோட்டத்துப் பெரியவரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை சொல்வார். விடியுமுன் நெற்றி விளக்குடன் பால்மரக் காட்டுக்குள் போனவர்களுக்கு நிழலெல்லாம் உருவந்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயன் வீடுகள் போய்க் குடியிருப்புகள் வந்தன. பேய்கள் மட்டும் கூடவே வந்துவிட்டன. நம் மோகினியோடு பக்கத்துக் கம்பத்துப் பொந்தியானாக்கும் சேர்ந்துகொண்டாள். பிள்ளைப்பேற்றில் இறந்து, பழிதீர்க்கத் திரும்பி வருபவள் அவள். அவளுடைய பிடரியில் ஓர் ஆணியை அறைந்துவிட்டால் அழகிய பெண்ணாகி, யாரேனும் ஒருவனுக்கு நல்ல மனைவியாகக் காலமெல்லாம் இருப்பாளாம். ஆணியைப் பிடுங்கினால் மறுபடியும் பேய்!

சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டபோது ஆணி பிடுங்கப்படும் இடம்தான் எனக்கு அச்சமூட்டியது. இப்போது நினைத்தால் ஆணி அறையப்படும் இடம்தான் அச்சமூட்டுகிறது. அவளுடைய சாவுக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. வலியை ஆற்றவும் இல்லை. ஓர் இரும்புத் துண்டால் வாயை அடைத்துவிட்டு, சமைக்கிறாள், சிரிக்கிறாள், ஆகவே குணமாகிவிட்டாள் என்றார்கள். தமிழ்நாட்டிலும் பேய் பிடித்த பெண்ணின் உச்சிமயிரைப் புளியமரத்தில் வைத்து ஆணியடிக்கும் வழக்கம் உண்டு. கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் கொல்லர்களுக்குப் பஞ்சமில்லை.

1957இல் சிங்கப்பூரின் கேத்தே கிரிஸ் நிறுவனம் 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படத்தை வெளியிட்டது. நாயகி மரியா மெனாடோ. இயக்கியவர் கேரளத்தில் பிறந்த பி.என்.ராவ்; 1939இல் 'ரம்பையின் காதல்' என்ற தமிழ்ப் படத்தை இயக்கியவரும் அவரே. தேவலோகப் பெண்ணின் காதலைத் தமிழில் படமாக்கியவர், கடல் கடந்து வந்து பேய்மகளின் காதலை மலாயில் படமாக்கினார்! அப்படத்தில் மந்திரத்தால் அழகு பெற்ற பெண் ஒருத்தி, இரத்தத்தைச் சுவைக்கக் கூடாது என்னும் விதிக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறாள். கணவனைப் பாம்பு கடிக்கிறது. நஞ்சை வாயால் உறிஞ்சி அவனைக் காப்பாற்றுகிறாள். இரத்தம் நாவில் பட்டுவிட, பொந்தியானாக் ஆகிவிடுகிறாள். கணவன் உயிரைக் காத்ததற்குக் கிடைத்த கூலி அது. இன்று அப்படத்தின் பிரதி கிடைப்பதில்லை என்பது பெருங்குறை.

இனி நீலி. மாணவிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதில்தான் இருக்கிறது.

தொண்டை நாட்டில் திருவாலங்காட்டை ஒட்டியது பழையனூர். கதை பல வடிவங்களில் வழங்குகிறது, பொதுவானதைச் சொல்கிறேன். மனைவியைக் கணவன் வஞ்சகமாக அழைத்துச் சென்று காட்டில் கொன்றுவிடுகிறான். கொல்லப்பட்டவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்து, பேயை அண்டவிடாத ஒரு மந்திர வாளோடு பழையனூருக்கு வருகிறான். நீலி அவன் மனைவியின் வடிவெடுத்து, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் சுமந்து, ஊர்ச்சபையில் வந்து அழுகிறாள். இவர் என்னை விட்டு ஓடுகிறார், சேர்த்து வையுங்கள் என்கிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள் என்று அவன் கதறுகிறான். சபையிலிருந்த வேளாளர் எழுபது பேரும், உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்து உயிர்விடுகிறார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. சேக்கிழாரும் பழையனூராரின் சொற்காப்பைப் போற்றுகிறார்.

கதையில் எல்லாரும் எழுபது பேரின் வாய்மையைப் பார்த்தார்கள். வாய்மை பெரிதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சபை செய்தது என்ன? அஞ்சி நடுங்கி, இந்த ஆளோடு என்னைத் தனியே விடாதீர்கள் என்று கெஞ்சிய ஒருவரை, குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொல்லி, தற்காப்புக்கு வைத்திருந்த ஒரே கருவியையும் பறித்துக்கொண்டு, அறைக்குள் தள்ளியது. அன்று உள்ளே தள்ளப்பட்டவன் ஆண். அதனால்தான் அது காப்பியச் செய்தியாயிற்று. மற்ற நாள்களில் தள்ளப்படுகிறவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

எனக்கு நன்றாகவே தெரியும். ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த சமரசக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். வாத்தியார், கையெழுத்து அழகாக இருக்கும், குறிப்பெழுதுங்கள் என்றார்கள். அந்த அம்மாள் தூணோரம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். அழுதார். கணவரும் அழுதார், இனிமேல் குடிக்கமாட்டேன் என்றார். பெரியவர் ஒருவர், பொம்பள அழுகைய நம்பி முடிவெடுக்க முடியாது என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. 'இருவரும் மனமொத்துச் சேர்ந்து வாழ ஒப்புக்கொண்டனர்' என்று எழுதினேன். அந்த அம்மாள் ஒப்புக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. ஒருவரும் அவரைக் கேட்கவேயில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, விடியற்காலை முதல் பேருந்தில் பிள்ளைகளோடு கிள்ளான் பக்கம் போய்விட்டார் என்றார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் இந்நாட்டில் 1994ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. அதைப் பற்றி அந்த மண்டபத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. படித்தவனான நானும் திறக்கவில்லை. எழுபத்தோராவது ஆளாக நானும் உட்கார்ந்திருந்தேன். எழுபது பேராவது தீப்பாய்ந்தார்கள். எங்களுக்குத் தேநீரும் வடையும் கிடைத்தன.

'நீலிக் கண்ணீர்' என்னும் தொடரை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கொலையுண்டவள் அவள். கொன்றவனுக்கு மொழியில் ஒரு தொடரும் இல்லை. அவள் கண்ணீருக்கு மட்டும் பொய் என்ற பொருளை நிலையாகக் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வருகிறோம்.

நீலியை ஆற்றுப்படுத்த ஒருவரும் முயலவில்லையா? முயன்றார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி என்னும் சமண நூல் அதைத்தான் செய்கிறது. அங்கே பழையனூர் நீலி, உயிர்ப்பலியைத் தடுத்துவிட்ட முனிச்சந்திரர் என்னும் துறவியைக் கெடுக்க வருகிறாள். சுடுகாட்டில் பயங்கர உருவங்கள் காட்டுகிறாள். அவர் அஞ்சவில்லை. அரசகுமாரி வடிவெடுத்து மயக்கப் பார்க்கிறாள். அவர் மயங்கவும் இல்லை. ஆணியும் அறையவில்லை, ஓடவும் இல்லை. அமர்ந்த இடத்திலேயே அமர்ந்து அவளோடு பேசுகிறார். தன் முன்னால் அஞ்சாமலும் ஆசைப்படாமலும் அமர்ந்திருக்கும் ஓர் ஆணை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும். (நூலாசிரியர் அப்படிச் சொல்லவில்லை, அவருக்கு அவருடைய சமயக் கவலை.) நீலி அவரிடம் அறம் கேட்டு, பெரும் தருக்கவாதியாகி, நாடு நாடாகச் சென்று வாதிடுகிறாள்.

அவள் முதலில் வாதிடுவது யாரோடு தெரியுமா? குண்டலகேசியோடு! அந்தப் பெண்ணின் கதையையும் நினைத்துப் பாருங்கள். கொலைக்களத்துக்குப் போகவிருந்த கள்வனைக் காதலித்து, மீட்டு, மணந்தாள். ஊடலில் கள்வன் என்று விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லுக்காக அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்லத் துணிந்தான். இறுதியாக உம்மை வலம் வந்து கொள்கிறேன் என்று சொல்லி, அவனைத் தள்ளிவிட்டுத் தப்பினாள், பௌத்தத் துறவியானாள். குண்டலகேசிக் காப்பியம் அழிந்து சில பாடல்களே எஞ்சியுள்ளன. கதையை நமக்குக் காத்துத் தந்தது நீலகேசியின் உரைதான். கணவனால் கொல்லப்பட்ட ஒருத்தியும் கணவன் கொல்லவந்தபோது தப்பிய ஒருத்தியும் எதிரெதிரே நின்று ஆன்மா உண்டா இல்லையா என்று வாதிட்ட காட்சி, தமிழைத் தவிர வேறெந்த மொழியின் பேய்க்கதையில் இருக்கும்? ஆறிய மனத்துக்கு அடையாளமாக அவர்களுக்கு இன்னொரு கணவனைத் தேடித் தரவில்லை நம் பழம்புலவர்கள். குரலைத் தந்தார்கள். ஆனால் மறுபடி ஒருவனை நம்பி வீட்டுக்குள் வாழ முடியுமா என்ற கேள்வியை அவர்கள் தொடவில்லை. துறவு அதற்கு எளிய வழி.

தொட்டவர் புதுமைப்பித்தன். 1943இல் வெளிவந்த 'சாப விமோசனம்' சிறுகதையில் இராமனின் காலடித் தூசு பட்டு அகலிகை கல்லிலிருந்து பெண்ணாகிறாள். மற்றவர்கள் முடித்த இடம் அது. புதுமைப்பித்தன் அங்கே தொடங்குகிறார். சாபம் தீர்ந்துவிட்டது, அச்சம் தீரவில்லை. எதிரே வருகிற ஆண்களெல்லாம் இந்திரனோ என்று அவளுக்குத் தோன்றுகிறது. சாதாரணச் சொல்லையும் இரட்டைப் பொருள் வைத்துச் சொன்னதாக எண்ணி மருகுகிறாள். கோதமன் நல்லவனாகவே நடந்துகொள்கிறான், சபித்ததற்காக வருந்துகிறான். அந்த நன்மைகூட அவளை உடனே ஆற்றிவிடவில்லை. ஆண்டுகள் ஓடுகின்றன. கடைசியில் சீதை வந்து தான் தீக்குளித்த செய்தியைச் சொல்லும்போது, தன்னை மன்னித்து மீட்ட இராமனே அப்படிக் கேட்டானா என்று அதிர்ந்து மீண்டும் கல்லாகிறாள். தனக்கு இழைக்கப்படாத அநீதி அது. ஆனாலும் இன்னொருத்திக்கு இழைக்கப்பட்டதால் அவள் நம்பிக்கை உடைகிறது. இதைக் காட்டிலும் உண்மையாக நம்பிக்கையின் இயல்பை எழுதியவர் நான் படித்தவரையில் இல்லை.

கைப்பேசிக் கதைகளில் எனக்குள்ள குறை இதுவே. பேய் இருப்பதோ காதல் இருப்பதோ எனக்குக் குறையில்லை. முப்பதாம் பகுதியில் நடுங்கிக்கொண்டிருந்தவள் முப்பத்திரண்டாம் பகுதியில் அவன் தோளில் சாய்ந்து சிரிக்கிறாளே, அதுதான் குறை. வாசலில் நிற்பவன் இரண்டு அத்தியாயம் நின்றால் போதாது. நல்ல நாள்களுக்கு நடுவே காரணமில்லாமல் ஒருநாள் அவள் கதவைச் சாத்துவாள். அன்றும் கோபிக்காமல் நிற்கவேண்டும். அதை எழுத எந்தத் தொடருக்கும் பொறுமையில்லை. எழுதினால் விருப்பக்குறிகள் குறைந்துவிடும் போலும்!

ஆயினும் நம் ஆசிரிய நண்பர்கள் சிலர் சொல்வதுபோல் இக்கதைகள் பெண்களைக் கெடுக்கின்றன என்று இனி நான் சொல்லமாட்டேன். அந்தத் தாயார் கேட்டது மிகச் சிறியது. ஒருவன் வாசலில் நின்று, வரலாமா என்று கேட்பதை எங்கேனும் படிக்க வேண்டும். நாங்கள் பரிந்துரைத்த நூல்களில் அது கிடைக்கவில்லை. எழுத்துப்பிழையோடு ஒரு பேயிடம் கிடைத்திருக்கிறது. நான் அவரிடம் 'சாப விமோசனம்' கதையைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நல்லா இருக்கு சார். ஆனா கடைசியில கல்லாயிட்டாங்களே" என்றார். பேருந்தில் படிக்க முடியவில்லையாம். வீட்டில் மகள் உறங்கிய பிறகு படித்தாராம்.

மறுவாரம் வகுப்பில் நீலியின் கதையை, பிள்ளைகள் வயதுக்கேற்பச் சுருக்கிச் சொன்னேன். கொலையை மறைக்கவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு வழக்கம்போல அத்தொடரை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். மற்றவர்கள் வீட்டுப்பாடம் செய்யாத தம்பி, வேலை கேட்டு வந்த கள்வன் என்று எழுதியிருந்தார்கள். அந்த மாணவியின் ஏட்டில் ஒரே வரி இருந்தது.

'நீலியின் கணவன் காட்டுக்குள் போகும் முன்பு நீலிக் கண்ணீர் வடித்தான்.'

பொருள் சரியாக இருந்தது. இலக்கணப் பிழையும் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.